ஒரு பார்சலில் இருந்து தொடங்குங்கள்: இணைய வியாபாரத்துக்கு பிசினஸ் மாடல் வரையும் வழி

என் சித்தி மகள் சின்னாளபட்டிச் சுங்குடிச் சேலைகளை இணையத்தில் விற்கத் தொடங்கிய முதல் மாதமே நூறு பார்சலுக்கு மேல் அனுப்பினாள். வீட்டில் எல்லோருக்கும் பெருமை. மாதக் கடைசியில் வங்கிக் கணக்கைப் பார்த்தால், போட்ட முதலைவிடக் குறைவான பணம் இருந்தது. யாரும் ஏமாற்றவில்லை, சேலையிலும் குறை இல்லை. அவள் நடத்திய வியாபாரத்தின் அமைப்பே அப்படி இருந்தது, அதை அவள் ஒருமுறைகூடத் தாளில் வரைந்து பார்த்திருக்கவில்லை.

அன்று இருவரும் உட்கார்ந்து ஒரு நாற்பது பக்க நோட்டில் வரைந்தோம். அந்த நோட்டு போன வழியிலேயே இந்த வழிகாட்டியும் போகிறது. மின்வணிக மாதிரிகளை, அதாவது இணைய பிசினஸ் மாடல்களைப் பற்றி ஆய்வாளர்கள் கடந்த முப்பது ஆண்டுகளில் பல சட்டகங்களைத் தந்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் படிக்க வேண்டியதில்லை, ஆனால் எதை எந்த இடத்தில் கையில் எடுப்பது என்று தெரிந்திருக்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒன்பது கட்டம் போட்ட பெரிய தாளில் தொடங்கிவிடுகிறார்கள். அதை நான் கடைசிக்குப் பக்கத்தில்தான் வைப்பேன்.

கீழே வரும் விலைகள் கணக்கு புரிவதற்காக வைத்துக்கொண்டவை. உங்கள் எண்களை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 1: காசு தருகிறவர் யார்?

ஒரு வாக்கியம் எழுதுங்கள். யாருக்கு, எதை, எப்படிக் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன், அதற்கு யார் காசு தருகிறார்கள். அவ்வளவுதான். கடைசிப் பகுதியில்தான் பேனா நிற்கும்.

பால் டிம்மர்ஸ் என்ற ஆய்வாளர் 1998-ல் மின்வணிக மாதிரி என்றால் என்ன என்று வரையறுத்தபோது மூன்று விஷயங்களைக் கேட்டார். பொருளும் சேவையும் தகவலும் யார் யாருக்கிடையே எப்படி ஓடுகின்றன? அதில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் என்ன பயன்? வருமானம் எங்கிருந்து வருகிறது? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாமல், "நான் ஆன்லைனில் சேலை விற்கிறேன்" என்று மட்டும் சொன்னால் அது மாதிரி ஆகாது. ஆசை என்று வேண்டுமானால் சொல்லலாம்.

பயன்படுத்துகிறவரும் காசு தருகிறவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டும் என்பதில்லை. இந்தியாமார்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1996-ல் தொடங்கியது. பொருள் தேடி வருகிறவர் அங்கே எதுவும் கட்ட வேண்டாம். தன்னைத் தேடி விசாரணை வரட்டும் என்று விற்பனையாளர் சந்தா கட்டுகிறார். பாரத் மேட்ரிமோனியின் கதை இன்னும் சுவாரசியமானது. முருகவேல் ஜானகிராமன் 1997-ல் அமெரிக்காவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது தொடங்கியது தமிழர்களுக்கான ஒரு பொதுத் தளம். அதில் பலதும் இருந்தன. மக்கள் அதிகமாக வந்தது வரன் பார்க்கும் பகுதிக்குத்தான். அவர் அதைத் தனியே பிரித்து வளர்த்தார். ஊர்த் தரகர் கல்யாணம் முடிந்தபிறகு வாங்கும் காசை, இங்கே தேடும்போதே சந்தாவாக வாங்கும்படி ஆனது. பழைய தேவைதான், பழைய தரகுதான். காசு கைமாறும் நேரமும் விதமும் மாறின. மாதிரி மாறுவது என்றால் பெரும்பாலும் இதுதான்.

சித்தி மகளின் வாக்கியம் இரண்டு மூன்று முறை அடித்துத் திருத்தியபிறகு இப்படி வந்தது: "வேலைக்குப் போகும் பெண்கள் தினமும் கட்டிக்கொள்ள, 900 ரூபாய்க்குள் அடங்கும் அச்சுச் சுங்குடியை, சாயப்பட்டறையில் வாங்கி, வீட்டுக்கே அனுப்புகிறேன். கட்டுகிறவர்களே காசு தருகிறார்கள்." கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றும் அசல் மதுரைச் சுங்குடிக்கு விலையும் வேறு, வாங்குகிறவரும் வேறு. அதற்குத் தனி வாக்கியம், தனி மாதிரி. இரண்டையும் ஒரே நோட்டில் கலக்க வேண்டாம் என்று அவளிடம் கண்டிப்பாகச் சொன்னேன்.

படி 2: உங்களுடையது எந்தக் கடை?

வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ராப்பா இணைய வியாபாரங்களை ஒன்பது வகையாகப் பிரித்தார். அவருடைய பட்டியலைப் படிக்கும்போது எனக்கு நம்மூர்க் கடைத்தெருதான் நினைவுக்கு வந்தது. ஒவ்வொன்றுக்கும் அங்கே ஒரு கடை இருக்கிறது.

முதலில் தரகு. கமிஷன் மண்டி இதுதான். சரக்கு விவசாயியுடையது, வாங்குகிறவர் வியாபாரி, மண்டிக்காரர் இடம் தந்து, எடை போட்டு, பணம் வாங்கித் தந்து கமிஷன் எடுத்துக்கொள்கிறார். விற்காத தக்காளி அழுகினால் நஷ்டம் விவசாயிக்கு. இணையச் சந்தைத் தளங்கள் அத்தனையும் இந்த மண்டிதான். 2006-ல் பெங்களூரில் தொடங்கிய ரெட்பஸ்ஸும் அப்படியே. பஸ் அவர்களுடையது இல்லை, சீட்டு விற்றால் கமிஷன்.

அடுத்து வணிகர். மொத்தக் கடை வைத்திருப்பவர் தன் காசைப் போட்டுச் சரக்கு வாங்கி, விலை வைத்து, விற்காமல் போனால் தானே நஷ்டத்தை ஏற்கிறார். அமேசான் 1995-ல் புத்தகம் விற்கத் தொடங்கியபோது முழுக்க வணிகர்தான். 2000-ல் தன் தளத்தை மற்ற விற்பனையாளர்களுக்கும் திறந்துவிட்டபோது பாதி மண்டி ஆனது. 2005-ல் பிரைம் வந்ததும் சந்தாவும் சேர்ந்தது. 2006-ல் கணினிச் சேவையை மின்சாரம் மாதிரி மீட்டர் வைத்து விற்கத் தொடங்கியது. பெரிய நிறுவனம் ஒன்று நான்கு வகைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்க முடியும். அதற்குப் பத்து ஆண்டுக்கு மேல் ஆனது என்பதையும் கவனியுங்கள். முதல் நாளே நான்கையும் அடுக்கப் பார்க்கிறவர்கள் சறுக்குவதைப் பார்த்திருக்கிறேன்.

தயாரிப்பாளரே நேராக விற்பது, அதாவது தறி வைத்திருப்பவர் தன் வீட்டுத் திண்ணையிலேயே சேலை விற்பது, மூன்றாவது. மற்றவை விளம்பரம், தகவல் தரகு, ஆள் அனுப்பி வைத்தால் தொகை தரும் துணைவிற்பனை, சமூகத் தளம், சந்தா, பயன்படுத்திய அளவுக்குக் கட்டணம். புதிதாகப் பொருள் விற்க வருகிறவருக்கு முதல் மூன்றுமே போதும்.

ஒரு சட்ட விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் நம் நாட்டுச் சந்தையின் உருவத்தைத் தீர்மானித்தது. வெளிநாட்டு முதலீடு உள்ள மின்வணிக நிறுவனம் இந்தியாவில் மண்டியாக இருக்கலாம், தானே சரக்கு வாங்கி வைத்து நுகர்வோருக்கு விற்கக் கூடாது என்பது பொது விதி. அமேசான் 2013-ல் இங்கே கடை திறந்தபோது சந்தைத் தளமாகவே வந்தது இதனால்தான். உங்களைப் போன்ற சிறு விற்பனையாளர்களைத் தளங்கள் தேடி வந்து சேர்த்துக்கொள்வதற்கும் இது ஒரு காரணம். அவர்களுக்கு நீங்கள் தேவை. அதை மறந்துவிட்டுப் பேரம் பேசாதீர்கள்.

சரி, சித்தி மகள் எந்த வகை? பட்டறையில் சேலையைக் காசு கொடுத்து வாங்குகிறாள். ஆகவே அவள் வணிகர். ஆனால் விற்பது மண்டியில். ஒரு தலையில் இரண்டு சுமை: சரக்கு தேங்கினால் நஷ்டம் அவளுடையது, விற்றால் கமிஷனும் அவள்தான் தர வேண்டும். இதை எழுதிப் பார்த்தபோது அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை.

படி 3: மூன்று கோடுகள்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. பீட்டர் வைல், மைக்கேல் விட்டாலே என்ற இருவர் 2001-ல் மின்வணிக மாதிரிகளை எட்டு அணு மாதிரிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் படமாக வரையும் முறையைத் தந்தார்கள். நடுவில் நம் நிறுவனம். சுற்றிலும் வாங்குகிறவர், சரக்குத் தருகிறவர், கூட்டாளிகள். இவர்களுக்கிடையே பொருள், பணம், தகவல் மூன்றும் ஓடும் திசைக்கு அம்புக்குறி. அவ்வளவுதான். படம் வரையத் தெரியாதவர்களும் வரையலாம்.

மூன்று நிறப் பேனா எடுங்கள். பொருளுக்கு நீலம், பணத்துக்குப் பச்சை, தகவலுக்குச் சிவப்பு என்று நான் வைத்துக்கொள்வேன். ஒரே ஒரு பார்சல் எப்படிப் போகிறது என்று மட்டும் வரையுங்கள். "பொதுவாக" என்று வரையத் தொடங்கினால் பொய் கலந்துவிடும். நேற்று அனுப்பிய ஒரு பார்சலை எடுத்துக்கொள்ளுங்கள்.

சித்தி மகளின் படத்தில் நீலக் கோடு பட்டறையிலிருந்து அவள் வீட்டுக்கு, அங்கிருந்து கூரியருக்கு, பிறகு வாங்குகிறவருக்கு. பச்சைக் கோடு வேறு மாதிரிப் போனது. வாங்குகிறவரிடமிருந்து தளத்துக்கு, சில நாள் கழித்துத் தளத்திலிருந்து அவளுக்கு. பட்டறைக்கு மட்டும் அவள் முன்பே கொடுத்துவிட்டாள். பச்சை அம்புகளின் மேல் தேதியைப் போட்டுப் பாருங்கள். பட்டறைக்குக் கொடுத்தது 3-ஆம் தேதி, விற்ற பணம் கைக்கு வந்தது 24-ஆம் தேதி. இடையில் 21 நாள் அவள் காசு வெளியே நிற்கிறது. தினம் ஐந்து சேலை விற்றால் 105 சேலைக்கான காசு எப்போதும் கையில் இருக்காது. ஒரு சேலை அடக்கவிலை 520 என்றால் 54,600 ரூபாய். விற்பனை கூடக்கூடப் பணமுடை ஏன் கூடுகிறது என்பதற்கு விடை அந்தப் படத்தில் இருந்தது.

சிவப்புக் கோடு இன்னும் முக்கியம். சேலை வாங்கியவர் யார், எந்த நிறம் தேடினார், எதைப் பார்த்துவிட்டு வாங்காமல் போனார். இந்தத் தகவல் எல்லாம் வாங்குகிறவரிடமிருந்து தளத்துக்குப் போய் அங்கேயே நின்றது. அவளுக்கு வந்த சிவப்புக் கோடு மிக மெல்லியது: ஓர் ஆர்டர் எண், ஒரு முகவரிச் சீட்டு.

படி 4: உறவு யார் கையில்?

வைல், விட்டாலே இருவரும் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு மூன்று கேள்விகள் கேட்கச் சொன்னார்கள். வாங்குகிறவரோடு உள்ள உறவு யாருடையது? தரவு யாருடையது? பரிமாற்றம் யாருடையது? நான் பார்த்த எல்லாச் சட்டகங்களிலும் ஒரு சிறு வியாபாரியை இதைவிட நன்றாகக் காப்பாற்றும் கேள்விகள் கிடையாது.

ஊர்க் கடையில் இந்த மூன்றும் ஒரே கல்லாவில் இருந்தன. அக்காவுக்கு அடர் நிறம் பிடிக்காது என்று கடைக்காரருக்குத் தெரியும். மகள் கல்யாணம் தை மாதம் என்றும் தெரியும். பணம் அவர் கைக்கே வரும், கடன் சொன்னால் அவர் பேரேட்டில்தான் ஏறும். இணையத்தில் இவை மூன்றும் பிரிந்து வெவ்வேறு கைகளுக்குப் போகின்றன. சந்தைத் தளத்தில் மூன்றும் தளத்தின் கையில். சேலை மட்டும் உங்கள் கையில்.

அதனால் சந்தைத் தளம் கெட்டது என்று நான் சொல்லவில்லை. ஒருவரும் அறியாத ஒரு வீட்டுத் தொழிலுக்கு நாடு முழுவதும் ஆள் காட்டிவிடுகிறது, அதற்குத்தான் கமிஷன். ஆனால் எல்லாவற்றையும் அங்கேயே வைத்தவருக்கு ஒரு நாள் கணக்கு முடங்கினால் என்ன ஆகும்? எனக்கு ஒருமுறை நடந்தது. ஒரு தளத்தில் ஏதோ ஆவணம் பொருந்தவில்லை என்று என் விற்பனைக் கணக்கை இரண்டு வாரம் நிறுத்தி வைத்தார்கள். அதுவரை என்னிடம் வாங்கியவர்களில் ஒருவரைக்கூட என்னால் தொடர்புகொள்ள முடியவில்லை. அவர்கள் என் வாடிக்கையாளர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த மூன்றும் பிரிவதை வேறு கோணத்தில் பார்க்க ஓஎன்டிசி (டிஜிட்டல் வணிகத்துக்கான திறந்த வலையமைப்பு) நல்ல எடுத்துக்காட்டு. மத்திய அரசின் முயற்சியில் 2021 டிசம்பர் கடைசியில் பதிவான இந்த அமைப்பு தானே ஒரு கடை கிடையாது. வாங்குகிறவர் ஒரு செயலியில் இருக்கலாம், விற்கிறவர் வேறொரு செயலி வழியே வரலாம், கொண்டுபோய்ச் சேர்ப்பவர் மூன்றாமவராக இருக்கலாம். எல்லோரும் ஒரே பேச்சுமுறையில் பேசிக்கொள்வார்கள். அதன் படத்தை ஒருமுறை வரைந்து பாருங்கள். அதில் சேர்வதற்காக இல்லாவிட்டாலும், கோடுகள் எத்தனை விதமாகப் பிரியலாம் என்று கண்ணுக்குத் தெரியும்.

படி 5: ஒரு பார்சலின் கணக்கு

இந்தப் படிக்கு ஒரு சாயங்காலம் முழுக்க ஒதுக்குங்கள்.

விற்கும் விலை 900 ரூபாய், வரி உட்பட. சேலை அடக்கம் 520. பேக்கிங் 15. கூரியர் 70. தளத்தின் கமிஷன் 15 சதவீதம், அதாவது 135. தளத்தின் மற்ற கட்டணங்கள் 30. விலைக்குள் அடங்கிய 5 சதவீத ஜிஎஸ்டி 43. கமிஷன்மேல் வரும் ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியாக, அதாவது ஏற்கெனவே கட்டிய வரியாக, நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம் என்பதால் அதை விட்டுவிட்டேன். எல்லாவற்றையும் கூட்டினால் 813. கையில் நிற்பது 87 ரூபாய்.

87 ரூபாய் லாபம் என்று சித்தி மகள் நினைத்தது இங்கேதான். நூறு பார்சலுக்கு 8,700 வரும் என்று கணக்குப் போட்டிருந்தாள். விட்டுப்போனது திரும்பி வந்த பார்சல்.

2010-ல் ஃபிளிப்கார்ட் 'பொருள் வந்ததும் காசு' முறையைக் கொண்டுவந்தது நம் நாட்டு இணைய வியாபாரத்தையே திருப்பிப்போட்டது. அட்டை இல்லாதவர்களும், தெரியாத கடைக்கு முன்பணம் கட்டப் பயந்தவர்களும் வாங்க வந்தார்கள். ஆனால் காசு கட்டாமல் ஆர்டர் போடுகிறவர், கதவைத் தட்டும்போது வேண்டாம் என்று சொல்வதும் சுலபமாகிவிட்டது. பார்சல் போன வழியே திரும்பும். விற்பனையாளர்கள் இதை ஆர்டிஓ (ரிட்டர்ன் டு ஆரிஜின்) என்பார்கள். இதைத் தவிர, வாங்கிப் பிரித்துப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்புகிறவர்களும் உண்டு. சுங்குடியில் அதிகம் வரும் குறை, படத்தில் தெரிந்த நிறம் கையில் இல்லை என்பதுதான்.

திரும்பி வரும் ஒரு பார்சலுக்குப் போக 70, வர 70, பேக்கிங் 15, மொத்தம் 155 நஷ்டம் என்று வையுங்கள். இப்போது பத்துப் பார்சலுக்குக் கணக்குப் போடுவோம்.

இரண்டு திரும்பினால்: எட்டு சேலைக்கு லாபம் 696. இரண்டுக்கு நஷ்டம் 310. மிச்சம் 386.

மூன்று திரும்பினால்: 609-ல் 465 போக, மிச்சம் 144.

நான்கு திரும்பினால்: 522-ல் 620 போக, 98 ரூபாய் கைக்காசு போகிறது.

திரும்பி வந்த சேலை மடிப்புக் கலையாமல் மறுபடி விற்கும் நிலையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்ட கணக்கு இது. இரண்டே பார்சல் திரும்பி, அதில் ஒன்று கறைபட்டு வந்தாலும் 520 போய்விடும். அந்தப் பத்தும் நஷ்டத்தில் முடியும். அவள் நூறு பார்சலில் முப்பத்தைந்துக்கு மேல் திரும்பியிருந்தன, சில கெட்டும் போயிருந்தன. வங்கிக் கணக்கு ஏன் இளைத்தது என்று இனிமேல் யாரும் விளக்கத் தேவையில்லை.

கூரியரில் ஒரு நுணுக்கம். எடைக்கு மட்டும் காசு வாங்குவதில்லை, பெட்டியின் அளவுக்கும் எடை கட்டுவார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து, வருவதைக் கிலோ என்று எடுப்பது பரவலாக உள்ள முறை. 400 கிராம் சேலையை 30-க்கு 25-க்கு 5 அளவுப் பெட்டியில் போட்டால் 750 கிராம் என்று கணக்காகும், அரைக் கிலோ கடந்ததால் அடுத்த கட்டத்துக் கட்டணம். அதே சேலையை நன்றாக அழுத்தி மடித்து 3 சென்டிமீட்டர் உயரத்துக்குள் கொண்டுவந்தால் 450 கிராம். மடிக்கும் விதத்தை மாற்றியதிலேயே அவளுக்குப் பார்சலுக்குப் பார்சல் காசு மிஞ்சியது.

இப்போது அதே சேலையை நேராக விற்றுப் பாருங்கள். இன்ஸ்டாகிராமில் படம் போட்டு, வாட்ஸ்அப்பில் பேசி, ஆன்லைனில் முன்பணம் வாங்கி. கமிஷன் இல்லை. ஆனால் ஆள் தானாக வராது. விளம்பரத்துக்கு 3,000 ரூபாய் போட்டு இருபது பேர் வாங்கினார்கள் என்றால் ஒருவரைக் கூட்டி வந்த செலவு 150. பணம் வாங்கும் சேவைக்கு 2 சதவீதம், 18 ரூபாய். சேலை, பேக்கிங், கூரியர், வரி முன்போலவே. மிச்சம் 84 ரூபாய்.

87-க்கும் 84-க்கும் என்ன வித்தியாசம்? ஒன்றுமில்லை. அதனால்தான் பலர் இதைப் பார்த்துவிட்டு, "அப்புறம் எதற்கு இந்தத் தொல்லை" என்று மண்டிக்கே திரும்பிவிடுகிறார்கள். இரண்டாவது சேலையின் கணக்கையும் போட்டுப் பாருங்கள். நேராக வாங்கியவர் மறுபடி வந்தால் அந்த 150 இல்லை. மிச்சம் 234 ரூபாய். மண்டியில் அதே ஆள் மறுபடி வாங்கினாலும் 87-தான், கமிஷன் இரண்டாம் முறைக்குத் தள்ளுபடி ஆகாது. நான்காம் படியில் கேட்ட "உறவு யார் கையில்" என்ற கேள்விக்கு ரூபாயில் விலை போட்டால் இந்த 147 வித்தியாசம் வரும். முன்பணம் வாங்கியதால் திரும்பி வருவதும் குறையும்.

மறுபடி வாங்காத பொருளுக்கு இந்தக் கணக்கு உதவாது. ஒருவர் கிரைண்டரை வாழ்நாளில் எத்தனை முறை வாங்குவார்? அப்படிப்பட்ட பொருளுக்கு மண்டிக்குக் கமிஷன் கொடுப்பதே நியாயமான செலவு. சேலை, மசாலாப் பொடி, குழந்தைத் துணி, ஊறுகாய் போன்றவற்றுக்கு உறவுதான் முதல்.

படி 6: இப்போது ஒன்பது கட்டங்கள்

அலெக்சாண்டர் ஆஸ்டர்வால்டர் சுவிட்சர்லாந்தின் லோசான் பல்கலைக்கழகத்தில் இவ் பினியூரின் வழிகாட்டுதலில் 2004-ல் முடித்த முனைவர் ஆய்விலிருந்து வளர்ந்ததுதான் இன்று எல்லாப் பயிற்சி வகுப்பிலும் சுவரில் ஒட்டும் அந்தத் தாள், 'பிசினஸ் மாடல் கேன்வாஸ்'. வாடிக்கையாளர் பிரிவு, தரும் மதிப்பு, போய்ச் சேரும் வழி, உறவு, வருமானம், முக்கிய வளங்கள், முக்கிய வேலைகள், கூட்டாளிகள், செலவு என்று ஒன்பது கட்டம்.

நல்ல கருவி. ஆனால் எண்ணும் அம்பும் இல்லாமல் நல்ல வார்த்தைகளை மட்டும் எழுதி நிரப்பிவிடலாம் என்பது அதன் ஆபத்து. "தரமான பொருள்", "சிறந்த சேவை" என்று எழுதிய தாள்களை நிறையப் பார்த்துவிட்டேன். முதல் ஐந்து படிகளை முடித்தவருக்கு இந்தக் கட்டங்கள் கால் மணி நேரத்தில் நிரம்பும். வாக்கியத்திலிருந்து முதல் இரண்டு, கோடுகளிலிருந்து வழியும் கூட்டாளிகளும், கணக்கிலிருந்து வருமானமும் செலவும்.

நின்று யோசிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, உறவு: வாங்கியவரோடு அடுத்து எப்போது, எதற்காகப் பேசப் போகிறீர்கள்? சித்தி மகள் இங்கே "முதல் துவைப்புக்கு முன் உப்புத் தண்ணீரில் நனைக்கச் சொல்லி ஒரு குரல்செய்தி" என்று எழுதினாள். சாயம் போவதைப் பற்றிய புகார் வருவதற்கு முன்பே இவள் பேசிவிடுகிறாள். இன்னொன்று, முக்கிய வளம்: அவள் "சேலை" என்று எழுதியிருந்தாள். அதை அடித்துவிட்டு, "எனக்கு மட்டும் தனி நிறம் போட்டுத் தரும் பட்டறைக்காரர்" என்று எழுத வைத்தேன். சேலையை யாரும் வாங்கி விற்கலாம்.

படி 7: நான்கு கேள்விகள்

ரஃபேல் அமித், கிறிஸ்டோஃப் சாட் இருவரும் 2001-ல், இணைய வியாபாரத்தில் மதிப்பு நான்கு இடங்களிலிருந்து பிறக்கிறது என்றார்கள். செலவும் அலைச்சலும் குறைவது. ஒன்றோடு ஒன்று சேர்ந்து பயன் தருவது. வந்தவர் விட்டுப் போகாமல் பிணைவது. கொடுக்கல் வாங்கலின் விதத்திலேயே புதுமை.

உங்கள் மாதிரியில் இவற்றில் எது இருக்கிறது என்று பாருங்கள். நான்கும் தேவையில்லை, ஒன்றாவது உறுதியாக வேண்டும். சேலையோடு அதே நிறத்தில் ரவிக்கைத் துணி சேர்த்துத் தருவது இரண்டாம் வகை. ஒருமுறை அளவு கொடுத்தவருக்கு அடுத்த முறை கேட்காமலே தைத்து அனுப்புவது மூன்றாம் வகை, அளவுச் சீட்டு உங்களிடம் இருக்கும்வரை அவர் வேறு இடம் போக யோசிப்பார். புதுமைக்கு மீஷோவைப் பாருங்கள். 2021-ல் விற்பனையாளரிடம் கமிஷன் வேண்டாம் என்றது. விளம்பரத்திலும் பொருளைக் கொண்டுசேர்க்கும் சேவையிலும் வருமானம் தேடியது. பொருளும் மண்டியும் பழையவை, காசு எடுக்கும் இடம் புதிது.

கமிஷன் இல்லை என்று கேட்டதும் ஓடாதீர்கள். ஐந்தாம் படிக் கணக்கில் கமிஷன் இருக்கும் இடத்தில் சுழியம் போட்டு, கூரியர், விளம்பரம், திரும்பி வருவது மூன்றையும் அந்தத் தளத்தின் எண்களால் நிரப்பிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

படி 8: சட்டத்தைச் சரிபார்த்தல்

சுருக்கமாகச் சொல்கிறேன், விவரத்துக்கு ஓர் ஆடிட்டரிடம் ஒரு மணி நேரம் உட்காருங்கள். சந்தைத் தளம் வழியே வேறு மாநிலத்துக்கும் பொருள் விற்பதானால் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவை. சொந்த மாநிலத்துக்குள் மட்டும் விற்கும் சிறு விற்பனையாளருக்கு 2023 அக்டோபர் முதல் ஒரு தளர்வு உண்டு, அதற்கும் ஒரு சேர்க்கை எண் வாங்க வேண்டும். பதிவு உள்ளவர்களுக்குத் தளம் பணம் தரும்போது ஜிஎஸ்டி கணக்கில் 0.5 சதவீதம் பிடித்துக்கொள்ளும், வருமான வரிக் கணக்கில் 0.1 சதவீதமும் பிடிக்கலாம். இவை செலவில்லை, பிறகு வரியில் கழித்துக்கொள்ளலாம். அதுவரை உங்கள் காசு வெளியே நிற்கும் என்பதால் பச்சைக் கோட்டில் குறித்துவையுங்கள். உணவுப் பொருளுக்கு எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு இல்லாமல் தொடங்கவே கூடாது. பேக் செய்த பொருளுக்கு விலை, நிகர அளவு, தயாரித்தவர் விவரம், எந்த நாட்டுப் பொருள் என்பதெல்லாம் தளத்திலும் தெரிய வேண்டும்.

படி 9: முப்பது பார்சல்

தாளில் வரைந்ததெல்லாம் ஊகம்தான். அதனால் மொத்தமாகச் சரக்கு எடுக்காதீர்கள். முப்பது பார்சலுக்கு மட்டும் முதல் போடுங்கள். பதினைந்தைச் சந்தைத் தளத்திலும் பதினைந்தை நேராகவும் விற்றுப் பாருங்கள். ஒவ்வொரு பார்சலுக்கும் நோட்டில் ஒரு வரி: அனுப்பிய தேதி, கூரியர்காரர் உண்மையில் வாங்கிய தொகை, பணம் கைக்கு வந்த தேதி, திரும்பியதா, ஏன் திரும்பியது, வாங்கியவர் மறுபடி பேசினாரா. முப்பது வரி சேர்ந்ததும் ஐந்தாம் படிக் கணக்கை எடுத்து, ஊகித்த எண்களை அடித்துவிட்டு இந்த எண்களை எழுதுங்கள். மூன்றாம் படியின் படத்தையும் புதிதாக வரையுங்கள். முதல் படத்தில் இல்லாத ஒரு கோடாவது இதில் இருக்கும்.

சித்தி மகள் அப்படித்தான் செய்தாள். இப்போது சந்தைத் தளத்தில் ஆறு நிறங்களை மட்டும் போடுகிறாள், புது ஆட்கள் அவளைக் கண்டுபிடிக்க. மற்ற நிறங்கள் வாட்ஸ்அப்பில், வெள்ளிக்கிழமை சாயங்காலம், தானாகத் தேடி வந்து நிறம் கேட்டவர்களுக்கு மட்டும். அன்று வெயிலில் படம் எடுத்து, சேலையைக் கையில் பிடித்து ஒரு நிமிட வீடியோவும் போடுகிறாள், நிறம் ஏமாற்றாமல் இருக்க. மாதம் அறுபது பார்சல்தான் போகிறது. நோட்டில் மூன்றாவது படம் வரைந்துகொண்டிருக்கிறாள், அதில் பட்டறைக்காரரும் ஒரு சிவப்புக் கோட்டின் முனையில் இருக்கிறார்: எந்த நிறம் போன வாரம் முதலில் தீர்ந்தது என்று சனிக்கிழமை காலையில் அவருக்குப் போன் போகிறது.